கடலில் வாந்தி எடுக்காதவன்

1

என் தம்பியை அடிக்கும் வீடியோ கைப்பேசிக்கு வந்தபோது நான் பெர்கன் நகரத்து மருத்துவமனை ஒன்றில், மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகள் தாராவை ஒரு நாற்காலியில் கட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீடியோவில் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் பழவேற்காட்டை அடுத்த எங்கள் லைட்ஹவுஸ் குப்பம், வலை உலர்த்தும் மணல்மேடு. நல்ல பகல் வெளிச்சம். ஏழுமலை ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி நிற்கிறான். மணிக்கட்டுகள் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றன. சட்டை இல்லை. அடிப்பவர் கையில் நனைத்த கயிறு, நுனியில் முடிச்சு. முதுகில் தோல் கிழிந்த இடமெல்லாம் மணல் ஒட்டியிருக்கிறது. கட்டுவதற்கு முன்பே தரையில் போட்டு இழுத்திருக்கிறார்கள். மேலுதடு பிளந்து பல் தெரிகிறது. "மூஞ்சக் காட்டுடா, பேமானி" என்று யாரோ கத்துகிறார். ஒரு பெண் அலறுகிறாள். அது கஸ்தூரி, அவன் மனைவி. படம் பிடித்தவர் கை நடுங்கவேயில்லை.

கூடவே வந்த தகவல் சுருக்கமானது. ஏழுமலை குடித்துவிட்டு இஞ்சின் பிடித்தான். பொழுது சாயும் நேரத்தில் கரையேறும்போது தடுமாறி, இஞ்சின் கைப்பிடி மேலேயே விழுந்தான். ஃபைபர் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. கூட வந்த தேசப்பனின் முழங்கால் படகுக்கு அடியில் நசுங்கிவிட்டது. கடலுக்குப் போகிறவன் குடித்தால் கம்பத்தில் கட்டி அடிப்பது எங்கள் குப்பத்துக் கட்டுப்பாடு. மிச்சத் தண்டனையை அமாவாசையன்று கூடும் பஞ்சாயத்து சொல்லும்.

கதவு திறந்தது. தாரா நேராக நடந்து வந்து பிஸ்கட் கேட்டாள். பின்னால் வந்த மருத்துவர்தான் கொஞ்சம் வெளிறியிருந்தார். அவ்வளவு சுற்றினால் எந்தக் குழந்தைக்கும் தலை கிறுகிறுத்துக் கண்விழி தெறித்தாட வேண்டும், உங்கள் மகளின் கண் அசையவேயில்லை என்றார்.

நான் வீடியோவை இன்னொருமுறை ஓடவிட்டேன். அடி விழாத ஒரு இடைவெளியில் ஏழுமலை கண்ணை இறுக்கி மூடுகிறான். மூடியவுடன் உடம்பு கம்பத்தைச் சுற்றி ஒரு பக்கமாகச் சரிகிறது. திறந்ததும் நிமிர்கிறது. அது வலியில் வந்த சரிவு இல்லை. தாராவும் அப்படித்தான் சரிவாள், தலைக்குக் குளிப்பாட்டும்போது.

2

நான் இங்கே பார்க்கும் வேலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சென்னையில் ஒரு மாலைப் பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவள் நான். கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்து நார்வேக்கு வந்த பிறகு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பத்திரிகையாளர் என்று சொன்னேன். எந்த மொழியில் என்று கேட்டார் அங்கிருந்த பெண். தமிழில் என்றேன். அவர் கணினியில் அதற்குக் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, கை நடுங்குமா என்று கேட்டார். நடுங்காது என்றேன். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அன்றிலிருந்து கோழிமுட்டை வெட்டுகிறேன்.

முட்டையின் ஓட்டில் சின்னக் கத்தரியால் ஒரு ஜன்னல் வெட்டுவது என் வேலை. உள்ளே மஞ்சள் கருவின் மேல் அரிசி அளவுக்கு ஒரு கரு கிடக்கும். இதயம் மட்டும் சிவப்பாகத் துடிக்கும். தலையின் இரு பக்கமும் தோல் உள்நோக்கிக் குழிந்து, குழியின் வாய் மூடி, ஒரு பை ஆகியிருக்கும். அதுதான் காது. அந்தப் பைக்குத் தான் என்னவாகப் போகிறோம் என்று தெரியாது. பக்கத்தில் இருக்கும் திசுக்கள்தான் சொல்கின்றன. மேலே, மூளையின் முதுகுப் பக்கத்திலிருந்து சில மூலக்கூறுகள் கசிகின்றன. கீழேயிருந்து வேறு சில. மேலிருந்து வரும் செய்தியைப் பலமாக வாங்கிய பாதி, உடம்பை நிறுத்தும் உறுப்பாகிறது. கீழ்ப் பாதி கேட்கும் உறுப்பாகிறது. ஒரே பை, இரண்டு வேலை. அதனால்தான் மேல் பாதி கெட்டவனுக்கும் காது நன்றாகக் கேட்கும். காதில் கோளாறு என்று யாருக்கும் தோன்றாது.

அடுத்து நடப்பதை அழிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மேல் பாதி உப்பிய பூரி மாதிரிப் புடைக்கிறது. நடுவில் இரண்டு பக்கச் சுவர்களும் நெருங்கி மோதி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்துச் செல்கள் துடைத்தெடுக்கப்படுகின்றன. நடு போய் விளிம்பு மட்டும் வளையமாக மிஞ்சுகிறது. இப்படி மூன்று வளையங்கள், மூன்று திசைக்கு. தலை திரும்பினால் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அதைச் சொல்லும். வளையங்களுக்குக் கீழே இரண்டு சிறு பைகள். அவற்றில் சுண்ணாம்புத் துகள்கள் கனமாக உட்கார்ந்து, தரை எந்தப் பக்கம் என்று சொல்லும். எங்கே அழிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அந்த மூலக்கூறுகள்தான் தீர்மானிக்கின்றன. கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ வளையம் வராது.

எங்கள் ஆய்வாளர் இங்ரிட் அதைத்தான் சோதிக்கிறார். பி.எம்.பி. என்ற ஒரு செய்திப் புரதத்தின் வாயைப் பொத்தக்கூடிய இன்னொரு புரதத்தில் கடுகைவிடச் சிறிய மணியை ஊறவைத்து, காதுப் பையின் ஓரத்தில் செருகுவார். நான் முட்டையை டேப் ஒட்டி மூடி, மறுபடி சூட்டில் வைப்பேன். சில நாள் கழித்துக் கருவின் தலையைத் துண்டித்துக் கொடுப்பேன். காதுக்குள் வெள்ளைச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். மணி வைக்காத பக்கம் மூன்று வளையங்கள் முத்துப்போலத் தெரியும். வைத்த பக்கம் ஒரு மொட்டைப் பை.

"இது பொரிந்து வந்திருந்தால்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இரண்டு பக்கமும் இப்படி இருந்தால் நிற்கத் தடுமாறும்" என்றார் இங்ரிட். "ஆனால் எவ்வளவு சுற்றினாலும் அதற்குத் தலை சுற்றாது."

அன்று மாலை விளையாட்டுத் திடலில் தாராவைச் சுழல் தட்டில் உட்கார வைத்தேன். மற்றப் பிள்ளைகள் இறங்கி விழுந்து எழுந்து கத்தினார்கள். என் மகள் இறங்கி நேராக நடந்து வந்து, அம்மா, இவர்கள் ஏன் நடிக்கிறார்கள் என்று நார்வேஜிய மொழியில் கேட்டாள். மறுநாளே மருத்துவமனைக்கு எழுதினேன். பல படிவங்கள் கழித்து அந்த நாற்காலி கிடைத்தது.

ஸ்கேனும் எடுத்தார்கள். மூன்று வளையங்களும் இல்லை, கீழ்ப் பைகளும் அரைகுறை. பாதி சைகையிலேயே பேசும் என் நார்வேஜிய மொழியை நம்பாமல், மருத்துவர் ஒரு தாளில் தண்ணீரையும் அதில் மூழ்கிய குழந்தையையும் வரைந்தார். குழந்தையைச் சுற்றி எல்லாத் திசையிலும் அம்புக்குறி போட்டார். வெளிச்சம் இல்லாத தண்ணீருக்குள் இவளுக்கு மேல் எது, கீழ் எது தெரியாது. தனியாக விடவே கூடாது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?

3

ஏழுமலை மூன்று வயதுவரை நடக்கவில்லை. நடந்த பிறகும் பொழுது சாய்ந்தால் விழுவான். மாலைக்கண் என்று சொல்லி எங்கள் நைனா அவனுக்கு ஆட்டு ஈரல் வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஒரு துண்டும் கிடைக்காது. வெளிச்சத்தில் அவன் ஓடுவான், மரம் ஏறுவான். யாருக்கும் பெரிய கவலை வரவில்லை.

முதல்முறை கடலுக்குப் போகும் பையனை எங்கள் ஆட்கள் நடத்தும் முறை ஒன்று உண்டு. கரை மறையும்வரை எதுவும் பேச மாட்டார்கள். இஞ்சினை நிறுத்திப் படகை அலையில் உருளவிடுவார்கள். பையன் குமட்டி வாந்தி எடுக்கத் தொடங்கியதும் இடுப்பில் கயிறு கட்டிக் கடலில் தூக்கி எறிவார்கள். மூழ்கி எழுந்து மூச்சுக்குத் திணறும்போது தலைமுடியைப் பிடித்துத் தூக்குவார்கள். மறுபடி குமட்டினால் மறுபடி எறிவார்கள். வயிறு அடங்கும்வரை இது நடக்கும். கண் சிவந்து, மூக்கில் ரத்தம் வர, தொண்டை கிழிந்து கரைக்கு வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அவர்களுக்குக் கடல் மயக்கம் வராது என்பது நம்பிக்கை.

ஏழுமலை குமட்டவில்லை. இஞ்சினை நிறுத்தி உருளவிட்டார்கள். அவன் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றான். இரண்டு பேர் வேண்டுமென்றே படகை ஆட்டினார்கள். "இன்னாத்துக்கு ஆட்டறீங்க, கடலை சிந்துது" என்றான். கரைக்கு வந்ததும் கோவிந்தன் மாமா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு குப்பம் முழுக்கச் சுற்றினார். "சுத்தமான கடல் புள்ளடா இது! வயித்துல ஒரு அலையும் அடிக்கல!" அன்றைக்குப் பிடித்த பெரிய நண்டு அவனுக்குத்தான். பள்ளிக்கூடம் அதோடு சரி.

வாந்தி எடுக்காததால் அவனைக் கடலில் எறியவில்லை. எறிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

4

வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். கஸ்தூரிதான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை குப்புறப் படுத்திருந்தான். முதுகில் தடவிய மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"பாத்தல்ல. அப்புறம் இன்னா கேள்வி?"

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"பொய்க்கா!" என்றாள் கஸ்தூரி. "ஒரு சொட்டு உள்ள போனதில்ல. குவாட்டர் வாங்கி போட்ல ஒளிச்சு வச்சுக்கினு, இருட்டற நேரத்துக்கு சட்டையில ஊத்திக்கினு எறங்குவாரு. நாத்தம் அடிக்கணுமாம். தொவைக்கறவ நானு, எனக்குத் தெரியாதா?"

"ஏய், வாய மூடு."

"எதுக்குடா ஊத்திக்கற?"

அவன் முகத்தைத் தலையணையில் புதைத்தபடி பேசினான். "வெளிச்சம் போனா காலு நிக்கலக்கா. ஆடுறேன். ஆடுனா எல்லாம் பாக்கறானுங்க. குடிச்சிருக்கான்னு நெனச்சா சிரிச்சிட்டுப் போயிடுவானுங்க. மிஞ்சிப் போனா கட்டி வச்சு அடிப்பானுங்க. அடி ஆறிடும். மறுநாளு போட்ல ஏத்திக்குவானுங்க. குடிக்காமயே ஆடுறான்னு தெரிஞ்சா எவன் ஏத்துவான்?"

இதுவரை எத்தனை முறை அடி வாங்கினாய் என்று கேட்டேன். கஸ்தூரி கைப்பேசியை அவன் தோளுக்கு அருகில் கொண்டுபோனாள். புதுக் காயத்துக்கு அடியில் பழைய தழும்புகள் இருந்தன.

5

தாராவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பள்ளியில் விடுமுறை கேட்டு எழுதியதற்கு, காரணம் போதுமானதாக இல்லை என்று பதில் வந்தது. குடும்பத்தில் நோய் என்று திருத்தினேன். யாருக்கு, என்ன நோய், சான்று எங்கே என்று வந்தது. அதற்குப் பதில் எழுதாமலேயே விமானம் ஏறினோம்.

சென்னையில் மின்ரயில் ஏறி, அனுப்பம்பட்டு தாண்டி, பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்து, ஏரிப் பாலத்தில் ஷேர் ஆட்டோவில் போகும்போது தாரா மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஏழுமலையை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன். வாசலில் நின்ற அவனைப் பார்த்ததும் 'மாமா' மறந்துபோய் நார்வேக்காரர்கள் போலக் கை நீட்டினாள்.

"கை குடுக்குது பாரு, கலெக்டரு" என்று சிரித்தான். பிளந்த உதடு மறுபடி திறந்து ரத்தம் வந்தது.

சாயங்காலம் கரண்ட் போனது. இருட்டு விழுந்த அந்த நொடியில் அறையின் இரண்டு மூலைகளில் இரண்டு கைகள் ஒரே மாதிரி சுவரைத் தட்டிப் பிடித்தன. ஒன்று ஏழுமலை, ஒன்று தாரா. கஸ்தூரி கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாரா, சுவரைப் பிடித்திருக்கும் மாமாவின் கையைக் காட்டி என்னிடம் என்னவோ சொன்னாள்.

"இன்னா சொல்லுது பாப்பா?"

"நீயும் அவள மாதிரியான்னு கேக்கறா."

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, மணி, வளையம், ஸ்கேன், தண்ணீருக்குள் போட்ட அம்புக்குறிகள். கவனமாகக் கேட்டான். இஞ்சினில் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவன் அவன். கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் உங்க ஊரு கோழிக்கு" என்றான்.

6

கஸ்தூரி பசியாவரத்துக்காரி. ஏரிக்குள் தீவு மாதிரி இருக்கும் ஊர். அவள் வீட்டார் ஏரியில் மூழ்கி, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பவர்கள். "கல்யாணமாயி இத்தினி வருசத்துல இவரு தண்ணியில தல முக்கி நான் பாத்ததில்லக்கா" என்றாள் மறுநாள் காலை. "கடல்காரன்னு பேரு. குளிக்கறது சொம்புலதான்."

"உங்க ஊரு சேத்துல முக்கறதுக்கு நான் இன்னா எருமையா?"

"பயம்னு சொல்லேன்."

அவன் எழுந்து ஏரிக்கரைக்கு நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. மார்பளவு தண்ணீர்வரை போனான். ஏரி கலங்கி, காப்பி நிறத்தில் இருந்தது. "பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டை போல உள்ளே போனான்.

முதலில் குமிழி வந்தது. பிறகு ஒரு கால் வெளியே வந்து காற்றை உதைத்தது. பிறகு இரண்டு காலும். அவன் உயரத்துக்குத் தண்ணீர் இல்லை. எழுந்து நின்றால் மார்புவரைதான். ஆனால் அவன் கீழ்நோக்கி நீந்திக்கொண்டிருந்தான், தன் முழுப் பலத்தோடும். கஸ்தூரி பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். அவன் குதிகால் அவள் வாயில் இறங்கியது. அவள் விடவில்லை. நான் முடியைப் பிடித்தேன், வழுக்கியது. காதைப் பிடித்தேன். அவன் எங்கள் இருவரையும் எதிரிகளைப்போல அடித்தான். புரட்டி இழுத்துக் கரையில் போட்டபோது அவன் வாய் நிறையக் கறுப்புச் சேறு இருந்தது. கஸ்தூரி விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். அவள் கடைவாயிலிருந்து ரத்தம் ஒழுகி அவன் மார்பில் சொட்டியது.

மூச்சு வந்ததும் அவன் சொன்னான்: "மேல வந்துட்டேன்னு நெனச்சேன். மண்ணு வந்துச்சி."

கரையில் நின்ற தாரா அழாமல், இமைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் என் கையைப் பிடித்தான். "நாளைக்குப் பஞ்சாயத்துல சொல்லாதக்கா. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன். குடிச்சேன்னு ஒத்துக்கறேன், அடிக்கட்டும். கடல் இல்லன்னா நான் யாரு?"

"போட்டு மறுபடி கவுந்தா?"

"கவுந்தா கவுந்தது. அது என் பாடு."

7

அமாவாசையன்று எங்கள் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கோயிலடியில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் கோவிந்தன் மாமா, அன்று ஏழுமலையைத் தோளில் தூக்கியவர். தேசப்பனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். மாவுக்கட்டு தொடைவரை இருந்தது. அவர் அண்ணன் கையில் இரும்புக் கம்பி.

"இவன் காலையும் அதே எடத்துல உடைக்கணும். அதான் நாயம்" என்றார் அண்ணன்.

"கம்பியக் கீழ போடு" என்றார் கோவிந்தன் மாமா. "ஏழுமல, குடிச்சியா?"

"குடிச்சேன் மாமா."

"அவன் குடிக்கல" என்றேன்.

பெண்கள் நிற்கும் ஓரத்திலிருந்து வட்டத்துக்குள் வந்திருந்தேன். சத்தம் கிளம்பியது. "பொம்பளைக்கு இங்க இன்னா வேல?" "ஃபாரின் போனா ஊர்க் கட்டுப்பாடு கெடையாதா?" ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

குடித்தவனைக் கண்டுபிடிக்க எங்கள் பஞ்சாயத்தில் ஒரு சோதனை உண்டு. மணலில் நீளத் துடுப்பு ஒன்றைப் போட்டு, கண்ணைத் துண்டால் கட்டி, அதன் மேல் நடக்கவிடுவார்கள். விழுந்தால் குடித்தவன்.

"மாமா, நேத்துலேர்ந்து இவன் என் கண்ணு முன்னாடிதான் இருக்கான். வாய மோந்து பாருங்க. பாத்துட்டு இப்பவே துடுப்பப் போடுங்க."

மாமா எழுந்து வந்து மோந்தார். வாடை இல்லை என்று தலையாட்டினார். துடுப்பு வந்தது. கண்ணைக் கட்டினார்கள். ஏழுமலை இரண்டாவது அடியில் வெட்டிய மரமாகச் சரிந்தான். தோள் மணலில் குத்திய சத்தம் கேட்டது.

"தோ, உழுந்துட்டான்! குடிகாரன்!"

"கண்ண அவுத்து உடுங்க" என்றேன். அவிழ்த்தார்கள். துடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தான். கட்டினார்கள், விழுந்தான். நெற்றியில் அடிபட்டு ரத்தம் புருவத்தில் இறங்கியது. கூட்டம் கொஞ்சம் அடங்கியது.

ஓரத்தில் கண்ணப்பன் உட்கார்ந்திருந்தான். காலையிலேயே போட்டிருப்பவன், ஊரில் அவன் தெளிவாக இருந்து பார்த்தவர் இல்லை. "இன்னாப்பா, நம்ம கண்ணப்பன ஏத்தி உடு, பாப்போம்!" என்று யாரோ கத்தினார்கள். இழுத்து வந்து கண்ணைக் கட்டினார்கள். அவன் தள்ளாடினான், கையை விரித்தான், ஒரு பக்கம் சாய்ந்தான், மீண்டான். முக்கால் துடுப்பு தூரம் போய்த்தான் இறங்கினான். "ஃபுல் அடிச்சும் நடக்கறான்டா!" என்று ஊரே சிரித்தது. கண்ணப்பன் கும்பிடு போட்டான்.

கோவிந்தன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. ஏழுமலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, மொத நாளு கடல்ல இவன் வாந்தி எடுக்கலன்னு தூக்கினு சுத்துனீங்களே. அதுவும் இதுதான். காதுக்குள்ள தலைய நிறுத்தற வளையம் ஒண்ணு உண்டு. இவனுக்குப் பொறக்கும்போதே அது வரல. அது இருக்கறவனுக்குத்தான் கடல்ல குமட்டும். இவனுக்கு எப்படிக் குமட்டும்? தண்ணிக்குள்ள உழுந்தா மேல எதுன்னே தெரியாது. நேத்து ஏரியில மார்பளவு தண்ணியில சாவப் பாத்தான்."

"அக்கா!" என்று கத்தினான் ஏழுமலை.

மாமா கஸ்தூரியைப் பார்த்தார். அவள் வாய் வீங்கியிருந்தது. தலையை மட்டும் அசைத்தாள்.

தேசப்பன் நாற்காலியிலிருந்து துப்பினார். "என் காலு போனதுக்கு அவன் காதா காரணம்? நல்லாக் கீதுய்யா கத." ஆனால் அண்ணன் கம்பியை மறுபடி எடுக்கவில்லை.

தீர்ப்பு வர வெகுநேரம் ஆகவில்லை. "இவன அடிச்சது தப்பு. அபராதம் கெடையாது. தேசப்பன் வைத்தியத்த ஊரு பாத்துக்கும்" என்றார் கோவிந்தன் மாமா. "இனிமே எந்த போட்லயும் இவன ஏத்தக் கூடாது. ஏத்தறவனுக்கும் கம்பந்தான்."

8

கூட்டம் கலைந்தபோது ஏழுமலை என்னிடம் வந்தான். கை ஓங்கியதை நான் பார்க்கவில்லை. அறை என் இடது காதின் மேல் விழுந்தது.

காதுக்குள் ஒரு விசில் எழுந்தது. பிறகு கோயில், கம்பம், துடுப்பு, கலங்கரை விளக்கு எல்லாம் வலமிருந்து இடமாக ஓடத் தொடங்கின. நான் மணலில் விழுந்தேன். மணலும் சுற்றியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். என் காதின் வளையங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அவன் என் முன்னால் நிமிர்ந்து, அசையாமல் நின்றான். நடுப்பகல் வெளிச்சம். எனக்கு என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை, புரிய வழியில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூடத் தலை சுற்றியதில்லை அவனுக்கு. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுப் போய்விட்டான். கஸ்தூரிதான் என்னைத் தூக்கினாள்.

நாங்கள் கிளம்பும்வரை அவன் வீட்டுக்கு வரவில்லை.

9

இங்கே பனிக்காலம் தொடங்கிவிட்டது. இடது காதில் விசில் இன்னும் இருக்கிறது, மெல்லியதாக. முட்டை வெட்டுகிறேன். மணி வைத்த கருக்களின் தலையைத் துண்டிக்கும்போது முன்பு நிறுத்தாத ஒரு நொடி இப்போது நிறுத்துகிறேன். இங்ரிட் அதைக் கவனித்திருக்கிறார்.

இந்த நாட்டில் நீச்சல் பள்ளிப் பாடம். தாராவுக்கு விலக்கு கேட்டேன். விலக்கு இல்லை, பக்கத்தில் ஒரு ஆசிரியர் நிற்பார், நல்ல வெளிச்சம், தெளிந்த தண்ணீர், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளக் கண்ணாடி தருவோம் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அவள் தமிழ் பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டாள். ஆனால் 'மாமா' என்ற சொல் மட்டும் இப்போது நன்றாக வருகிறது. சுவரைப் பிடிக்கும்போதெல்லாம் சொல்கிறாள். அது அவளுக்கு ஒரு ஆளின் பெயரா, ஒரு செயலின் பெயரா என்று தெரியவில்லை.

ஏழுமலை கரையில் இஞ்சின் ரிப்பேர் பார்க்கிறான் என்று கஸ்தூரி சொன்னாள். படகுகள் கிளம்பும் நேரத்தில் மணலுக்கு வர மாட்டானாம். ஒருநாள் கண்ணப்பனோடு உட்கார்ந்து நிஜமாகவே குடித்தானாம். என் பெயரை எடுத்தால் தட்டை வீசுகிறானாம்.

நேற்று, தாராவை நீச்சல் குளத்திலிருந்து கூட்டி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கஸ்தூரியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் இஞ்சின் சத்தம், சுத்தியல் சத்தம். கஸ்தூரி பேசவில்லை.

"பாப்பா தண்ணிக்குப் போவுதாமே" என்றான் ஏழுமலை.

"ஆமா. வெளிச்சம் இருக்கு. டீச்சர் பக்கத்துலயே நிக்கறாங்க."

"தலைய முக்குதா?"

"இன்னும் இல்ல."

சுத்தியல் சத்தம் நின்றது.

"டீச்சருகிட்ட சொல்லு. காலு மேல வந்துச்சின்னா வெளயாடுதுன்னு நெனக்க வேணான்னு சொல்லு."

வைத்துவிட்டான்.